ஏழு வளையத்துக்கு ஒரு ஷீட்டு

தனக்கு வேண்டிய ஷீட்டைத்தான் நல்லது என்று சொல்லச் சொல்லி இரண்டு பேருமே என்னைக் கேட்டார்கள். ஒரே நாளில், ஒருவர் கேட்டது இன்னொருவருக்குத் தெரியாமல்.

நான் அவர்கள் வீட்டின் மாடி அறையில் குடியிருந்தேன். வேலை பிளாஸ்டிக் ஷீட்டுக் கடையில். ரோலை உருட்டி, அளந்து, வெட்டிக் கொடுக்க வேண்டும். கடையில் எனக்குக் கத்திரி என்று பெயர். ஊரை விட்டு வந்து ஒன்பது வருஷத்தில் அதுவே நிலைத்துவிட்டது. கீழ்வீட்டில் மட்டும் தம்பி என்பார்கள்.

கீழே புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அண்ணன் கூரை போடுகிறவர். பதினைந்து மாதத்துக்கு முன்னால் ஒரு கிடங்கின் கூரையிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் போட்டு வைத்திருந்ததில் குரலும் கெட்டுப்போனது. தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி பேசுவார், கட்டிலை ஒட்டி நின்றால்தான் கேட்கும். கட்டில் பின்பக்கத்து ஜன்னலுக்குப் பக்கவாட்டில், கம்பி கைக்கு எட்டுகிற மாதிரி கிடந்தது; முகத்தைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்கத் தெரியும். கையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் கரண்டி. ஜன்னல் கம்பியில் ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு, புரட்டிப் படுக்க வை. மூன்று தட்டு, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வா.

அக்கா பின்பக்கம் நாற்றுப் போட்டு விற்றாள். தக்காளி, மிளகாய், கத்திரி. அவர் விழுந்த பிறகு அந்த வீடு அதில்தான் ஓடியது. போன மழையில் நாற்றெல்லாம் குழித்தட்டோடு அடித்துக்கொண்டு போனதால் இந்தத் தடவை பிளாஸ்டிக் ஷீட்டு மூடிய பசுமைக்குடில் போடுவது என்று முடிவாயிற்று. குழாய் வளைத்தது அவள். வளைக்கச் சொல்லிக் கொடுத்தது அவர், கட்டிலில் இருந்தபடியே. குழாய்க்குள் மணலை நிரப்பி இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு வளைத்தால் மடங்காது. ஏழு வளையம். நட்டு முடித்த அன்று, சதை போன பெரிய மாட்டின் விலா எலும்பு மாதிரி நின்றது. ஷீட்டு போடுவதுதான் பாக்கி.

அன்று காலையில் கடைக்குக் கிளம்பும்போது கரண்டி சத்தம் கேட்டது. ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. அது எனக்கு.

"தம்பி, ஷீட்டு வாங்க அக்கா கடைக்கு வருவா."

"சொன்னாங்கண்ணே."

"வந்தா கண்ணாடி ஷீட்டக் காட்டு. பால் ஷீட்டு தீந்துபோச்சுன்னு சொல்லிடு."

எங்கள் கடையில் குடிலுக்கென்று இரண்டு வகைதான் வரும். கண்ணாடி ஷீட்டு என்றால் உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும். பால் ஷீட்டு, தண்ணீரில் பால் கலந்த நிறம். வெளிச்சம் உள்ளே பரவி விழும், ஆனால் உள்ளே ஆள் நின்றால் தெரியாது.

"நாத்துக்குப் பால் ஷீட்டுதான் நல்லதுண்ணே. வெயில் நேரா குத்தாது, இலை கருகாது."

"எனக்கே ஷீட்டப் பத்திச் சொல்றியா? நீ வெட்டுறவன். நான் போட்டவன். நீ பொறந்தப்பவே நான் ஏணி மேல நின்னவன்."

"நான் பொறந்தப்ப உங்களுக்கு ஏழு வயசுண்ணே."

"ஏழு வயசுல ஏணி ஏறக் கூடாதுன்னு சட்டமா?" சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "கண்ணாடி ஷீட்டுன்னா பூச்சி விழுந்தா வெளிய இருந்தே தெரியும். அதுக்குத்தான் சொல்றேன்."

"சரிண்ணே."

"அந்த ஷீட்டுக்குள்ள நின்னா கரண்டி சத்தம் கேக்குமா?"

"கேக்கும்ண்ணே."

"காத்து அடிச்சா? ஷீட்டு படபடன்னு அடிச்சிக்குமே."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அக்கா வளையத்துக்கு வளையம் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். "மூணாவது முடிச்ச லூஸா போட்டிருக்கா பாரு," என்று இரண்டு தட்டு தட்டினார். அவள் புரட்டத்தான் கூப்பிடுகிறார் என்று மண் கையோடு ஓடி வந்தாள்.

பதினோரு மணிக்கு அவள் கடைக்கு வந்தாள். வளையத்தின் மேல் போட்டு அளந்த கயிறு கையில் இருந்தது, அளவுக்கு முடிச்சுப் போட்டு.

"இந்த முடிச்சு வரைக்கும் அகலம். ரெண்டு பக்கமும் மண்ணுல புதைக்க அரை அரை மீட்டர் சேத்துக்கோ."

முதலாளி கல்லாவிலிருந்து, "கத்திரி, நல்லதாப் பாத்துக் குடுடா. கிழிஞ்சா உனக்குத்தான் சோறு கிடையாது," என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. இரண்டு ரோலிலிருந்தும் இழுத்துத் தொங்கவிட்டேன். அவள் கண்ணாடி ஷீட்டைத் தொடவே இல்லை. பால் ஷீட்டுக்குப் பின்னால் கையை நீட்டினாள். முழங்கை வரைக்கும் கை காணாமல் போனது. பிறகு அவளே பின்னால் போய் நின்றாள்.

"தெரியுதா தம்பி?"

"தெரியலக்கா."

"இப்ப?"

"இப்பவும் தெரியல."

அவள் வெளியே வரவில்லை. ஒருத்தருக்குத் தார்ப்பாய் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன், அப்போதும் வரவில்லை. முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்றார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"புழுக்கமா இருக்கு உள்ள," என்றாள். "ஆனா நல்லா இருக்கு. இதையே வெட்டு." நான் கத்திரியை எடுத்தேன். "இல்ல இரு. வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு. ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவல்ல? அவர் கேட்டா நாத்துக்குப் பால் ஷீட்டுதான்னு சொல்லு. நான் சொன்னா எடுபடாது."

ஞாயிறு மதியச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான். சோறும் பருப்பும் ஆளுக்கொரு அவித்த முட்டையும். அண்ணனை முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்து, தட்டை மடியில் வைத்தாள். தனக்குக் கட்டில் காலடியில் தரையில் இடம். அவர் சாப்பிடும்போதெல்லாம் பேசுவார். பேச ஒரே விஷயம்தான் உண்டு.

"காலையில ஒம்பது மணிக்கு அந்த நீலத் தட்டத் தூக்கிட்டு, திரும்ப அங்கயே வச்சியே, ஏன்?"

"வெயில் வரும்னு நெனச்சேன். வரல."

"பத்தரைக்கு உக்காந்துட்ட. சும்மாவே உக்காந்திருந்த."

"கால் வலிச்சுது."

"வலது காலா?"

"ஆமா."

"இல்லையே, இடதத்தான தடவுன."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவர் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. அவருக்கு நாள் முழுக்க நடந்தது அவ்வளவுதான். அவளுடைய நாளை அவளுக்கே திருப்பிச் சொல்வார். நான் எத்தனை முறை இடுப்பில் கை வைத்தேன் என்று யாராவது எண்ணினால் நான் என்ன ஆவேன் என்று யோசித்துப் பார்த்தேன். என்னை எண்ண யாரும் இல்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

"தம்பி," என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். "ஷீட்டப் பத்திச் சொல்லேன்."

"பால் ஷீட்டு போட்டா இலை கருகாது," என்றேன்.

"கண்ணாடி ஷீட்டு போட்டா?" என்றார் அவர்.

"நாத்து சீக்கிரம் வரும். வெயில் காலத்துல மேல கொஞ்சம் நிழல்வலை போட்டுக்கணும்."

"பின்ன என்ன? வலை போட்டுக்கலாம்."

"ஒண்ணு வாங்கப் போய் ரெண்டு வாங்கணுமா?" என்றாள் அவள்.

"நான் இங்க சரிஞ்சு கிடந்தா, நீ அங்க வெள்ளைக்குள்ள இருப்ப. என்ன பண்றது?"

"சத்தம் கேட்டா வரமாட்டேனா?"

"கேக்கலன்னா?"

அவள் எழுந்து போய் மோர் கொண்டுவந்தாள். அவருக்கு ஊற்றினாள், எனக்கு ஊற்றினாள். பாத்திரத்தில் மிச்சம் இருந்ததைக் குடித்துவிட்டு, "சரி, கண்ணாடியே போடுங்க. உங்க இஷ்டம்," என்றாள். அவர் ஜெயித்த மாதிரி இல்லை. முட்டையில் பாதியை எடுத்து அவள் தட்டில் போட்டார். அவள் அதைச் சாப்பிடவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை.

திங்கட்கிழமை கண்ணாடி ஷீட்டு வெட்டினேன். மடிக்கும்போது சொல்லியாக வேண்டியதைச் சொன்னேன்.

"அக்கா, இதுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு. ஓரத்துல எழுத்து ஓடுது பாருங்க. குடிலுக்குள்ள நின்னு படிச்சா எழுத்து நேரா தெரியணும். அந்தப் பக்கம் ஒரு பூச்சு இருக்கு. உள்ள ஆவி பிடிச்சா சொட்டாம வழுக்கிட்டு ஓரமா இறங்கிடும்."

"மாத்திப் போட்டா?"

"முத்து முத்தா நிக்கும். சொட்டும். நாத்து தண்டு அழுகும். வெயிலும் தப்பான பக்கம் அடிக்கும், மூணு வருஷம் வர்றது ஒரு வருஷத்துல நொறுங்கிடும்."

"முத்து முத்தா நின்னா ஷீட்டு எப்படி இருக்கும்?"

"பனி மூடின மாதிரி இருக்கும்க்கா. வெயில் ஏறுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது."

அவள் அந்த எழுத்து வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு உச்சி வெயிலில் போட்டோம். ஷீட்டு சூட்டில் இளகி இருக்கும்போது இழுத்துக் கட்டினால்தான் பிறகு தொய்யாது. காற்றும் இல்லை. இரண்டு பக்கமும் பள்ளம் தோண்டி வைத்திருந்தாள். ஷீட்டை வளையத்தின் மேல் ஏற்றும்போது பார்த்தேன். என் பக்கம், வெளியே, எழுத்து நேராகத் தெரிந்தது.

"அக்கா, எழுத்து..."

"சரியாத்தான் இருக்கு தம்பி. இழு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன். இருபது வருஷம் ஷீட்டு போட்ட மனிதர் அங்கே படுத்திருக்கிறார், இப்போது கரண்டி தட்டும் என்று நினைத்தேன். தட்டவில்லை. இழுத்தேன். மண்ணைத் தள்ளி மிதித்தோம்.

மறுநாள் காலையில் குடில் வெள்ளையாக நின்றது. அவள் ஏழு மணிக்கு உள்ளே போனாள். உள்ளே கைப்பம்பு 'உஸ் உஸ்' என்று நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்கிற சத்தம். நாற்றுக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டாம். தண்ணீர் கூடினால் ஆவி கூடும், வெள்ளை பதினோரு மணி வரை நிற்கும். வேலையை எல்லாம் காலைக்கு மாற்றிக்கொண்டாள். மதியத்துக்கு மேல் ஷீட்டு தெளிந்து, உள்ளே தட்டு தட்டாகப் பச்சை தெரியும்போது அவள் சமையலறையில் இருப்பாள்.

இரண்டு வாரத்தில் ஓரத்துத் தட்டுகளில் நாற்று சாயத் தொடங்கியது. தண்டு நூல் மாதிரி சுருங்கி விழும். அவள் சாய்ந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி விதை போட்டாள். வாடிக்கையாக வாங்குகிற தோட்டக்காரர் வந்து பார்த்து, "என்னம்மா நாத்துக்காரி, பாதி தட்டு காலியா கிடக்கு? எலி ஏதும் வருதா?" என்று கேட்டார்.

"விதை சரியில்ல," என்றாள்.

"போன மாசம் அதே விதைதான?"

"அதான் சொல்றேன், இந்தத் தடவ சரியில்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் படியேறிவிட்டேன்.

கடைக்கு விடுமுறையாக இருந்த ஒரு நாள். காலை எட்டரை இருக்கும். மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கரண்டி சத்தம் கேட்டது. தட்டுகிற சத்தம் இல்லை, தரையில் விழுந்து உருள்கிற சத்தம். கீழே ஓடினேன். அண்ணன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து, ஒரு தோள் இரும்புச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு தொங்கினார். முகம் கறுத்திருந்தது. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். ஆள் கனமே இல்லை.

தண்ணீர் கொடுத்தேன். மூச்சு வந்ததும், "எவ்வளவு நேரமாண்ணே?" என்றேன்.

"தெரியல. மூணு மூணா தட்டினேன். பதினோரு தடவ எண்ணினேன். அப்புறம் கை வழுக்கிடுச்சு."

வெளியே குடில் வெள்ளையாக நின்றது. 'உஸ் உஸ்' என்று கேட்டது. நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"எங்க போற?"

"அக்காவக் கூப்பிட."

"வேணாம். சொல்லாத. சொன்னா பிரிச்சுடுவா."

"எத?"

"ஷீட்டத்தான். மாத்தித்தானே போட்டிருக்கு."

வாசலிலிருந்து கட்டிலுக்குத் திரும்பி வந்தேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"இங்க படுத்துக்கிட்டே எழுத்தப் படிக்கிறேன்டா, முதல் நாள்லருந்து. இருபத்தி மூணு நாளாச்சு. இருநூறு மைக்ரான்னு போட்டிருக்கு. தப்பா போடுறவ இல்ல அவ."

"பின்ன ஏண்ணே சொல்லல?"

அவர் தோளைத் தேய்த்துக்கொண்டார். "கொஞ்சம் சும்மா இரு. கேளு."

பம்பு நின்றிருந்தது. உள்ளிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது, பிறகு கொஞ்சம் பெரிதாக. பாட்டு. எந்தப் பாட்டு என்று தெரியவில்லை, அவளாக இழுத்துக் கட்டுகிற பாட்டு. ஒரு அடியை மூன்று தடவை பாடிவிட்டு நாலாவது தடவை வேறு மாதிரி முடித்தாள்.

"கல்யாணமாகி இருபத்தோரு வருஷம்," என்றார் அண்ணன். "அவளுக்குப் பாட வரும்னு எனக்குத் தெரியாது தம்பி."

அவர் விழுந்ததை நான் அக்காவிடம் சொல்லவில்லை. ஷீட்டைப் பற்றி அண்ணனிடம் சொல்லாதே என்று அக்கா என்னைக் கேட்டதே இல்லை, ஆனாலும் அதையும் நான் சொன்னதில்லை. இரண்டு பேரையும் தாண்டிப் படியேறி என் அறைக்குப் போவது அந்த நாட்களில் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

சனிக்கிழமை அவரைக் குளிப்பாட்டும்போது அவளே பார்த்துவிட்டாள். தோளிலிருந்து முதுகு வரை கறுநீலம்.

"இது என்னங்க?"

"கட்டில் இடிச்சிருக்கும்."

"எப்ப?"

"ஞாபகமில்ல."

"என் கால் வலது காலா இடது காலான்னு ஞாபகம் இருக்கு. இது ஞாபகமில்லையா?"

நான் வாசலில் வெந்நீர் வாளியோடு நின்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் இருந்திருக்க வேண்டும். வாளியை வாங்கிக்கொண்டாள். அந்தக் கறுநீலத்தின் மேல் தண்ணீரைக் கையால் மொண்டு மொண்டு ஊற்றினாள்.

மறுநாள் மதியம், "தம்பி, ஷீட்டப் பிரிச்சு மாத்திப் போடணும். ஒரு கை பிடி," என்றாள்.

மண்ணைத் தோண்டி ஓரத்தை எடுத்தோம். ஷீட்டைத் தரையில் விரித்து, புரட்டி, ஏற்றினோம். இந்தத் தடவை உள்ளே நின்று எழுத்தைப் படித்தாள், வாய்விட்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி. "சரியா இருக்கா?" என்றாள். "சரியா இருக்குக்கா," என்றேன். அவள் கடைசிப் பக்கம் மண் மிதித்துக்கொண்டிருந்தபோது கரண்டி தட்டியது. ஒன்று, விட்டு ஒன்று. உள்ளே போனேன்.

"கட்டிலத் திருப்பு," என்றார் அண்ணன்.

"எந்தப் பக்கம்ண்ணே?"

"தலை ஜன்னல் பக்கம் வரணும். நான் அந்தப் பக்கம் பாத்துக் கிடக்கிறேன். கைய மேல தூக்கினா கம்பி எட்டும், தட்டிக்குவேன். அவ அங்கருந்து என் தலையப் பாத்துக்கட்டும். நான் சரிஞ்சா தெரியும்ல? அது போதும்."

"அக்கா கேட்டா?"

"வெளிச்சம் கூசுதுன்னு சொல்வேன். திருப்புடா, அவ வர்றதுக்குள்ள."

அவரோடு சேர்த்துக் கட்டிலை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். கால் பக்கம் இப்போது எதிர்ச்சுவரைப் பார்த்தது. அந்தச் சுவரில் ஒரு பீரோ நின்றது. அவ்வளவுதான் நான் பார்த்தேன்.

அக்கா கை கழுவிவிட்டு வந்து, கட்டிலைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"வெளிச்சம் கூசுது," என்றார் அவர்.

"பதினஞ்சு மாசமா கூசல?"

"இப்பதான ஷீட்டு பளபளன்னு இருக்கு. கண்ணுல அடிக்குது."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு தலையணையைச் சரிசெய்து, கரண்டியை எடுத்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். கம்பி எட்டுகிறதா என்று அவர் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். எட்டியது.

திங்கட்கிழமை கடைக்குத் தாமதமாகப் போனேன். படியில் உட்கார்ந்து செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன், பின்பக்கம் முழுக்க அங்கிருந்து தெரியும். ஷீட்டில் ஒரு துளி இல்லை. அக்கா உள்ளே, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி, துல்லியமாகத் தெரிந்தாள். ஜன்னலில் அண்ணனின் உச்சந்தலை மட்டும். அவள் முதலில் அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். தலை அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து காலை நீட்டினாள். பின்னலை அவிழ்த்து மறுபடி போட்டாள். பிறகு பாட்டு தொடங்கியது, மெல்ல. உச்சந்தலை கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்தது.

மூன்றாவது தடவை அந்த அடியைப் பாடும்போது பாட்டு நின்றது.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். உச்சந்தலைக்கு அப்பால், அறையின் உள்ளே, பீரோவின் ஆளுயரக் கண்ணாடி. பதினைந்து மாதத் தூசியில் மங்கலாக, அதில் ஏழு வளையமும் அவளும் இருந்தார்கள். நடுவில் அவர் முகம், கண் திறந்தபடி.

கண்ணாடிக்குள் இரண்டு பேர் கண்ணும் சந்தித்துக்கொண்டன. அவர்தான் முதலில் கண்ணை மூடினார்.

அவள் எழுந்து கையில் ஈரத்துணியோடு வீட்டுக்குள் போனாள். துணியை விரித்துக் கண்ணாடியின் மேல் முனைக்குத் தூக்கினாள், மூடப் போகிறாள் என்று நினைத்தேன். தூக்கிய கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அண்ணன் கண் திறக்கவில்லை. பிறகு துணியை நாலாக மடித்து, மேலிருந்து கீழ்வரை, மூலையையும் விடாமல், கண்ணாடியைத் துடைத்தாள். எட்டி நின்று சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தாள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குடிலுக்குப் போய், நீலத் தட்டைத் தூக்கி இடம் மாற்றி வைத்தாள்.

நான் கடைக்குக் கிளம்பும்வரை பாட்டுச் சத்தம் இல்லை. கரண்டிச் சத்தமும் இல்லை.